மலைவீட்டில் தமிழ் படித்தல்

(ஏற்காட்டில், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி தரும் பெற்றோர் சிலர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலத்து அடிவாரத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி வருவோர்க்கு, வளைவுதோறும் காற்றுக் குளிர்ந்து வருவது தெரியும். சற்று உற்று நோக்குவோர்க்குத் தமிழ் குறைந்து வருவதும் தெரியும். கீழே கடைப்பலகைகளில் இருந்த தமிழ், மேலே தோட்டங்களின் பெயரிலும் காட்சிமுனைகளின் பெயரிலும் விடுதிகளின் பெயரிலும் அருகிவிடுகின்றது. சேர்வராயன் என்னும் மலைத்தெய்வத்தின் பெயரே வெள்ளையர் வாயில் தேய்ந்து 'செவராய்' ஆயிற்று. அத் தேய்ந்த வடிவையே தமிழ்ப் பிள்ளைகளும் நிலப்படத்தில் படித்து ஒப்பிக்கின்றனர்.

இம் மலையிலும் இதன் அடியிலும் வாழும் பெற்றோர் சிலர், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாது வீட்டிலேயே கற்பிக்கின்றனர். வேறு சிலர், விடுதிப் பள்ளியில் ஆங்கிலவழி பயிலும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதேனும் தமிழ் தர வேண்டுமென விழைகின்றனர். இரு சாராரும் கேட்பது ஒன்றே. ஒன்பதாம் வகுப்பு முதற்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளை வீட்டில் படிக்க வேண்டிய இலக்கியங்கள் எவை? ஒரு பட்டியல் வேண்டும் என்கின்றனர்.

பட்டியல்கள் அவர்தம் கையில் முன்பே உள்ளன. வீட்டுக்கல்வி மிகுந்து பரவிய அமெரிக்க நாட்டாரும் ஆங்கிலேயரும் தம் பிள்ளைகட்கு வகுத்துக்கொண்ட பட்டியல்கள் அவை. ஓமரும் செகப்பிரியரும் தித்கன்சும் அங்கே வரிசையாக நிற்கின்றனர். அவற்றின் கடைசியில், தனித்தாளில், 'தமிழ்: திருக்குறள், பாரதி, ஒரு கதைநூல்' என்று பேனாவால் எழுதிச் சேர்த்திருப்பர் தமிழ்ப் பெற்றோர். அமெரிக்கர் தம் பிள்ளைக்குத் தம் மொழி இலக்கியத்தை முன்வைத்ததில் பிழையொன்றுமில்லை. அவர் செய்ய வேண்டியதையே செய்தனர். தமிழர் அவருடைய பட்டியலை எடுத்துக்கொண்டனரே யன்றி, தம் மொழியை முன்வைக்கும் அவருடைய முறையை எடுத்துக்கொண்டிலர்.

பட்டியல் என்றதும் சேலத்தார் நினைவுகூர வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1880-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில், குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியராக அவ்வாண்டுதான் அமர்ந்த இருபத்தைந்து அகவை இளைஞர் ஒருவர், அவ்வூர்க்கு முனிசீபு எனப்படும் நடுவராக மாற்றலாகி வந்த ஒருவரைக் காணச் சென்றார். இளைஞர் உ.வே. சாமிநாதையர். நடுவர் சேலம் இராமசாமி முதலியார். ஆங்கிலக் கல்வியில் உயர்ந்து, ஆங்கில ஆட்சியின் அலுவலில் இருந்தவர் அவர். யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என்று கேட்டார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனாரிடம் ஆண்டுக்கணக்கிற் பாடங்கேட்ட இளைஞர்க்கு விடை கூறுவதில் தயக்கமில்லை. அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என அவர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. இவற்றைப் படித்ததனால் ஆவதென்ன என்பது போன்ற கேள்வியே வந்தது. பின்னர், இவற்றிற்கெல்லாம் முற்பட்ட சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்ததுண்டா என வினவினார் அச் சேலத்தார். இளைஞர் படித்திலர், அவற்றைக் கண்ணாலும் கண்டிலர்.

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பும், அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சேறி வந்தன. நூறு நூற்பெயர்களைக் கொண்ட பட்டியல் ஒருவர் கையில் இருந்தது. மூன்று பெயர்களைக் கொண்ட பட்டியல் மற்றொருவர் நினைவில் இருந்தது. எது தமிழை மீட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். வரலாறு முழுவதையும் ஐயர் எழுதிய 'என் சரித்திரம்' என்னும் நூலிற் காணலாம். நூற்பெயரில் வடசொல் நிற்பது கண்ணை உறுத்தும். உறுத்தினும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்தே ஆகவேண்டும். ஆசிரியர் இல்லத்தில் தங்கித் தமிழ் கற்ற ஒரு பிள்ளையின் பசியும் அலைச்சலும் மகிழ்ச்சியும் அதுபோல் வேறெங்கும் எழுதப்படவில்லை.

அவ் வரலாற்றில் வீட்டுக்கல்வியார் கருதத்தக்க இன்னொரு பகுதியும் உண்டு. சிந்தாமணியின் படியைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் விளங்காமல் ஐயர் தவித்த காலத்தில், குடந்தையிலேயே வாழ்ந்த சமணர் வீடு ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். வீட்டு வாயிலிற் கோலமும் தோரணமும் கண்டு என்ன விழா என்று கேட்டபோது, சிந்தாமணி படித்து முடித்த விழா என்றனர். தமிழ்ப் புலவர் எவரும் தொடாது விட்ட நூலை, ஒரு சிறு கூட்டத்தார் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை வாய்விட்டுப் படித்து வந்திருக்கின்றனர்! தந்தை கேட்க மகனும், மகன் கேட்கப் பேரனும் என வீடு காத்த நூல் அது. ஐயர்க்கு விளங்காதிருந்த இடங்களை விளக்கியவரும் அவர்களே.

வீட்டுக்கல்வி என்பது மேலை நாட்டிலிருந்து வந்த புதுமை என எண்ணுவோர் இதனைக் கருத்தில் இருத்துக. வீட்டில் படித்தல் என்றால் பிள்ளை தன் அறையில் தனியே வாய்மூடிப் படித்துத் தாளில் விடை எழுதுவதன்று. கூடத்தில் எல்லாரும் இருக்க ஒருவர் படிப்பது. எடுத்த நூலை முடிப்பது. முடித்தால் அதைக் கொண்டாடுவது. இக் கூட்டத்தில் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை.

இனி, எந்த நூலை எடுப்பது? இங்கே மலைவாழ்நர்க்கு ஒரு நற்பேறு வாய்த்துள்ளது. சென்னையில் அடுக்ககத்தில் வாழும் பிள்ளைக்குக் குறிஞ்சித்திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், மலை என்றால் என்ன, சாரல் என்றால் என்ன, தினைப்புனம் என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் படம் வரைய வேண்டும். ஏற்காட்டுப் பிள்ளைக்குப் பலகணியைத் திறந்தால் போதும். பட்டியல் பலகணிக்கு வெளியிலிருந்து தொடங்கட்டும்.

முதல் ஆண்டுக்குக் குறுந்தொகை. அதனினும் ஏற்ற தொடக்கம் வேறில்லை. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி கொண்ட சிறு பாட்டுகள். 1915-இல் இதனை முதன்முதல் உரையுடன் அச்சிட்டவர், வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்த சௌரிப்பெருமாள் அரங்கனார். 1937-இல் உ.வே.சா.வின் விரிவான பதிப்பு வந்தது. நானூறு பாட்டையும் படிக்க வேண்டா. குறிஞ்சிப் பாட்டுகளில் இருபத்து நான்கைப் பெற்றோரே தெரிந்து, திங்களுக்கு இரண்டாகக் கொள்க. ஒரு பாட்டை முதல் நாள் ஓசைக்காக மட்டும் படிப்பது, இரண்டாம் நாள் சொற்பொருள் காண்பது, மூன்றாம் நாள் பேசுகின்றவர் யார், கேட்கின்றவர் யார், பேசாது நிற்பவர் யார் எனக் காண்பது. உரையைத் திறப்பது நான்காம் நாள்தான். உரையிலிருந்து தொடங்கும் பிள்ளை உரையோடு நின்றுவிடும். பள்ளித் தமிழ்ப்பாடம் பலர்க்குக் கசந்ததற்கு இதுவே பெருங் கரணியம்.

இரண்டாவதாகக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு. 261 அடி. இதன் தோற்றம் பற்றி வழிவழி வரும் குறிப்பு ஒன்று உண்டு. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்காகக் கபிலர் பாடியது இஃது என்பர். தமிழ் அறியாத ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்க வேண்டுமென்றபோது, இலக்கண நூலையோ அறவுரைக் கோவையையோ கபிலர் நீட்டவில்லை. மலையையும் அருவியையும் காவலையும் காதலையும் ஒருசேரக் காட்டும் பாட்டு ஒன்றைத் தந்தார். ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வரும் தமிழ்ப்பிள்ளையும் இன்று ஏறத்தாழ அப் பிரகதத்தன் நிலையிற்றான் இருக்கின்றது. ஆதலால் கபிலர் கொண்ட முறை இங்கும் பொருந்தும்.

அப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனத்திற் கிளி கடிந்து, அருவியாடி, பூப்பறித்துப் பாறையிற் குவிக்கின்றனர். செங்காந்தளிற் தொடங்கி அங்கே தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர் வருகின்றது. தேர்வுக்குப் படிப்போர் இதனை மனப்பாடம் செய்வர். வீட்டில் படிப்போர் அங்ஙனம் செய்யற்க. பிள்ளை ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்திலும் காட்டிலும் நடந்து, தொண்ணூற்றொன்பதில் எத்தனை இம் மலையில் இன்றும் பூக்கின்றன என்று காணட்டும். காந்தள், வேங்கை, கொன்றை முதலானவற்றை எளிதிற் காணலாம். குறிஞ்சி இனச் செடிகளும் இம் மலையில் உண்டு. சில பூக்கள் இன்னவை என்பதில் அறிஞர்க்குள்ளேயே வேறுபாடு உண்டு, அதையும் குறிக்கட்டும். செடியியற் பயிற்சியும் தமிழ்ப் பயிற்சியும் ஒன்றாகும். ஏற்காட்டில் இந்தியச் செடியியல் அளவைத்துறையின் தோட்டம் இருப்பது இதற்குப் பெருந்துணை.

பூவின் பெயரை யாரிடம் கேட்பது? இங்கேதான் பெற்றோர் பலர் மறந்துவிட்ட ஆசிரியர் இருக்கின்றனர். சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளிகள் என்னும் மலைமக்கள் தமிழ் பேசுவோர். மலையாளி என்பது இங்குக் கேரளத்தாரைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பதும், அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளிற் பிரிந்து குடியேறினர் என்பதும் அவர்தம் வழிவழிச் செய்தி. சாமையும் தினையும் விளைத்தவர்கள். காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் அறிந்தவர்கள். குறிஞ்சிப்பாட்டில் வரும் காவற்பரண் எப்படி இருக்கும், கிளியை எப்படி ஓட்டுவது என்பவற்றை உரையாசிரியரினும் தெளிவாக அங்குள்ள முதியவர் ஒருவர் சொல்லக்கூடும். அவர் வாய்ப்பாட்டும் கதையும் இப் பட்டியலில் ஒரு நூலாகவே இடம்பெற வேண்டும். எழுதப்படாதது என்பதற்காக ஓர் இலக்கியம் தாழ்ந்ததாகாது.

இங்ஙனம் முதியவரிடமிருந்து நேரே மொழி பெறும் முறையை நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் ஓர் இயக்கமாகவே தொடங்கினர். ஆங்கிலம் விழுங்கிக்கொண்டிருந்த தம் மொழியைக் காக்க, பாட்டன் பாட்டிமாரை அழைத்துக் குழந்தைகளோடு அமர்த்தித் தம் மொழியிலேயே பேசவைத்தனர். அவ்விடங்களுக்கு 'மொழிக் கூடு' என்னும் பொருளில் பெயரிட்டனர்.

மலைபடுகடாத்தையும் சேர்க்கலாம். 583 அடி, முழுவதும் வேண்டா. செங்கத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் பாட்டு அது. செங்கம் இங்கிருந்து வடகிழக்கே உள்ள ஊர்தான். அதில் மலையில் எழும் ஓசைகளையெல்லாம் தொகுத்துக் கூறும் பகுதி ஒன்று வரும். அப்பகுதியை மட்டும் படித்துவிட்டு, ஒரு விடியற்காலையில் பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்து, காதில் விழும் ஓசைகளையெல்லாம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை ஓசைக்குத் தனக்குத் தமிழ்ச்சொல் தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும்.

இரண்டாம் ஆண்டு புறநானூறு. இங்கும் அண்டையாரிலிருந்தே தொடங்குக. வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தெற்கே கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலை. ஔவையார் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்ற கதையைத் தொடக்கப்பள்ளியிலேயே பிள்ளைகள் கேட்டிருப்பர். அந்த நெல்லிக்கனியோடு ஔவையை விட்டுவிடுவது பெரும் பிழை. அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்று, அவன் படைக்கலக் கொட்டிலின் பளபளப்பைப் புகழ்வதுபோல் இகழ்ந்த ஔவையைப் பதினாறு அகவைப் பிள்ளை சந்திக்க வேண்டும். அஞ்சி இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டுகளையும் படிக்க வேண்டும். கொடுத்தவன் போய்விட்டான், இனிப் பாடுவாரும் இல்லை, பாடுவார்க்கு ஈவாரும் இல்லை என்னும் அத் துயரம், வீட்டில் ஒரு சாவைக் கண்ட பிள்ளைக்கு உரையில்லாமலே விளங்கும்.

அஞ்சி புலவர் கற்பனை அல்லன் என்பதற்குக் கல்லே சான்று. 1981-இல் திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள சம்பைக் குன்றிற் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பாழியைக் கொடையளித்ததைக் கூறுகின்றது. அசோகன் தன் கல்வெட்டிற் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன 'சதியபுத்திரர்' யாவர் என்று நெடுங்காலம் நடந்த சொற்போர்க்கும் அக் கல்லே விடையளித்தது. அறிவியலில் நாட்டமுடைய பிள்ளை, இலக்கியத்தில் என்ன சான்று இருக்கிறது என்று கேட்குமாயின், முதலில் இதைக் காட்டுக. தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுதும் கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலியவற்றிற் சில பாட்டுகளே எஞ்சின. ஒரு நூல் எப்படி இழக்கப்படுகின்றது என்பதையும் பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும்.

பாரியும் கபிலரும் இவ்வரிசையில் வருவர். பறம்புமலையை மூவேந்தர் முற்றுகையிட்டுக் கொண்ட கதையைப் படிக்கும்போது, அலுமினிய மண்ணுக்காகத் தோண்டப்பட்ட இம்மலையின் மேட்டு நிலங்களையும் பிள்ளை ஒருமுறை நேரிற் சென்று காணட்டும்.

மூன்றாம் ஆண்டு சிலப்பதிகாரம், முழுவதும். முப்பது காதை, கிழமைக்கு ஒன்று, முப்பது கிழமை. பகுதி பகுதியாக நறுக்கித் தரும் பாடநூல்களால், வழக்குரை காதையைத் தவிர வேறொன்றும் அறியாத பட்டதாரிகள் நாட்டில் நிறைந்துவிட்டனர். மதுரை எரிந்தபின் கண்ணகியை மலைமேற் கண்டவர் யாவர்? அரசரல்லர், அந்தணரல்லர், குன்றக் குறவர். வஞ்சிக் காண்டம் அவர்தம் குரவைக் கூத்தோடுதான் தொடங்குகின்றது. செங்குட்டுவனிடம் கண்ட செய்தியைச் சொன்னவரும் அவரே. அவர் வாய் திறந்திராவிடில் பத்தினிக்குக் கல்லும் இல்லை, கோவிலும் இல்லை, காப்பியமும் இல்லை. மலைப்பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி இது.

திருக்குறளைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டியதில்லை. அதைத் தமிழ்ப் பெற்றோர் எவரும் விட்டுவிடுவதில்லை. ஆனால் பரிசுக்காக ஒப்பிக்கப்படும் முதற் பத்து அதிகாரங்களோடு அது நின்றுவிடுகின்றது. பொருட்பாலின் எழுபது அதிகாரங்களும் பதினைந்து அகவைக்கு மேற்பட்ட பிள்ளைக்கு உரியவை. இன்பத்துப்பாலை ஒளித்து வைக்கும் வழக்கமும் நல்லதன்று. திரைப்பாட்டின் வழியே காதலை அறிந்துகொண்ட பிள்ளைக்கு வள்ளுவர் சொன்னாற் கெடுதியா வந்துவிடும்?

மலை இலக்கியம் என்றால் தேனும் தினையும் மட்டுமல்ல. காப்பி என ஊரார் வழங்கும் குளம்பிச் செடி, 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்னும் வெள்ளையரால் இம் மலைக்கு வந்தது. அதன்பின் மலை தோட்டமாயிற்று. தோட்டத்திற்கு உழைப்பாளிகள் வேண்டியதாயிற்று. நிழல் மரமும் மிளகுக்கொடியும் குளம்பிப் பூவின் மணமும் பற்றிச் சுற்றுலாக்காரர் பேசுவர். அச் செடிக்குக் கீழே குனிந்தவர் யார் என்பதை இலக்கியம் பேசவேண்டும். வால்பாறையில் மருத்துவராக இருந்த பி.எச். தானியேல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த புதினத்தை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் தந்துள்ளார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்ட கருப்பனும் வள்ளியும் ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்திற் பட்ட பாட்டைக் கூறுவது அது. கொடுமையான பகுதிகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு பெற்றோரும் உடன் படிப்பது நன்று. தோட்டத்து முதலாளி வீட்டுப் பிள்ளையும் தோட்டத்து உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே கூடத்தில் அமர்ந்து அதைப் படிப்பராயின், அந்நூல் எழுதப்பட்ட பயனை எய்தும். இராசம் கிருட்டிணனின் 'குறிஞ்சித் தேன்' நீலமலைப் படகர் வாழ்வு மாறிய வரலாற்றைக் கூறும். அதன் நடையிற் பிறசொற் கலப்பு மிகுதி, ஆயினும் உள்ளே இருப்பது மலையின் உண்மை. பாவேந்தரின் 'அழகின் சிரிப்பு' நூலிற் குன்றம், காடு ஆகிய பகுதிகள் குறுந்தொகையோடு ஒருங்கு வைத்துப் படிக்க ஏற்றவை.

உரைநடைக்கு மறைமலையடிகளின் 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை'. 1903-இல் வந்தது. 103 அடிகளே கொண்ட ஒரு பாட்டை ஒருவர் எத்துணை ஆழமாகப் படிக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. அடிகளோடு மாறுபடவும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

சொல்லாராய்ச்சியைப் பொறுத்தவரை சேலத்தார்க்குத் தொலைவு செல்ல வேண்டா. மொழிஞாயிறு பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவருடைய நூல்களைப் பிள்ளை உடனே படிக்க இயலாது. அவர் முறையைப் பழகலாம். மலை, குன்று, வரை, வெற்பு, பொறை, அடுக்கம், சாரல், சிலம்பு என்று மலைக்கும் அதன் பகுதிக்கும் எத்தனை சொல்! யாவும் ஒன்றுதான் என்று அகரமுதலி முடித்துவிடும். ஒன்றல்ல என்று மலையில் வாழும் பிள்ளை காட்ட முடியும். சிலம்புதல் என்பது ஒலித்தல். காலிற் கட்டும் சிலம்பும் எதிரொலிக்கும் மலையாகிய சிலம்பும் அவ்வொலியாற் பெயர் பெற்றன. இளங்கோவடிகள் நூலைப் படித்து முடித்த பிள்ளையைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிறுத்தி ஒருமுறை கூவச் சொன்னால், அச் சொல் வாழ்நாள் முழுதும் மறவாது.

நூல்கள் கிடைக்குமா என்பது சிலர் கவலை. தமிழ் இணையக் கல்விக்கழகம் கழக இலக்கியங்களை உரையோடு இணையத்தில் விலையின்றித் தந்துள்ளது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் மூலங்களைத் தருகின்றது. ஆயினும் குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் அச்சுநூலாகவே வீட்டில் இருக்கட்டும். ஓரத்தில் எழுதக் கைப்பேசியில் இடமில்லை.

தேர்வைப் பற்றியும் கேட்கின்றீர்கள். நடுவணரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுத்து எழுதலாம்; அதற்குரிய பாடநூலைத் தேர்வுக்கு மூன்று திங்கள் முன் எடுத்தாற் போதும். ஆங்கில நூல்களை விலக்க வேண்டும் என்று இங்கு எவரும் கூறவில்லை. செகப்பிரியரைத் தாராளமாகப் படிக்கட்டும். புறநானூற்றைப் படித்த பிள்ளைக்கு இலியர் மன்னனின் புலம்பலும் இன்னும் நன்றாகவே விளங்கும்.

தொடங்குவதுதான் எஞ்சியுள்ளது. வரும் காரிக்கிழமை மாலை, விளக்கேற்றியபின், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கூடத்தில் அமருங்கள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டும் நாற்பதாம் பாட்டும் போதும். முன்னது தேவகுலத்தார் பாடியது, குறிஞ்சிப் பூவும் தேனும் வருவது, நான்கு அடி. பின்னது, பாட்டில் தாமே படைத்த உவமையாற் பெயர் பெற்ற செம்புலப் பெயனீரார் பாடியது, ஐந்து அடி. அந்தச் செம்மண்ணும் அந்த மழையும் உங்கள் வாயிலிலேயே உள்ளன. முதலிற் பிள்ளை படிக்கட்டும், பிறகு தாய், பிறகு தந்தை. தந்தைக்கு நாக்குத் தடுமாறினாற் பிள்ளை திருத்தட்டும்.